முள் காட்டும் வெளிச்சம்: ஃபிலிம் எஸ்எல்ஆர்களில் என் தேர்வு

பழைய ஃபிலிம் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியே வரும் காட்சியையே உள்ளிருக்கும் கண்ணாடி மூலம் கண்ணுக்குக் காட்டும் கேமரா) ஒன்று வாங்கலாம் என்று இறங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கேமராவில் படம் நன்றாக வரும்?" என்பதுதான். எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் வரும். படத்தின் தரத்தை முடிவு செய்பவை லென்ஸ், ஃபிலிம், அதைக் கழுவுபவரின் கவனம் ஆகியவைதான். கேமராவின் பாடி என்பது 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள ஃபிலிம் பரப்பைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, நாம் சொன்ன நேரத்துக்கு மட்டும் வெளிச்சத்தை உள்ளே விடும் இருட்டுப் பெட்டி. 1/125 நொடி என்று வைத்தால் ஏறத்தாழ 1/125 நொடி திறந்து மூடும் எந்தப் பெட்டியும் அந்த வேலைக்குப் போதும்.

பிறகு எதை வைத்து ஒப்பிடுவது? ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய சில நொடிகளை வைத்து. கண் வியூஃபைண்டருக்குள் என்ன பார்க்கிறது, மீட்டர் வெளிச்சத்தைப் பற்றி எவ்வளவு சொல்கிறது, கண்ணை எடுக்காமலே கை எதையெல்லாம் திருப்ப முடிகிறது என்ற மூன்றில்தான் ஒரு எஸ்எல்ஆர் இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது. உச்ச ஷட்டர் வேகம், எத்தனை மோடுகள், எந்த ஆண்டு என்ன விருது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்து நான் போய் நின்ற இடம் நிக்கான் எஃப்இ. அதைவிடப் பேர்பெற்ற கேமராக்கள் அதன் வீட்டிலேயே உண்டு. இருந்தும் ஏன் அது என்று சொல்வதற்கு முன் மற்றவற்றுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். அவற்றில் இரண்டு மூன்று என்னை உண்மையிலேயே நெடுநாள் ஊசலாட வைத்தவை.

நான் இங்கே எடுத்துக்கொள்வது கையால் ஃபோகஸ் செய்யும் 35 மில்லிமீட்டர் கேமராக்களை மட்டும். பெரும்பாலும் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் வந்தவை. நான் எடுப்பது ஆட்களை, இயற்கை வெளிச்சத்தில், அதிகமும் கறுப்பு வெள்ளை ஃபிலிமில். விளையாட்டுப் போட்டிகளையோ பறவைகளையோ எடுப்பவருக்கு என் வரிசை பொருந்தாமல் போகலாம்.

பலரும் தொடங்கும் இடம் பென்டாக்ஸ் கே1000. 1976இல் வந்து 1997 வரை உற்பத்தியில் இருந்தது. முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. புகைப்படம் கற்பிக்கும் வகுப்புகளில் பல ஆண்டுகள் இதுதான் பாடப்புத்தகமாக இருந்தது. செல்ஃப் டைமர் கிடையாது. லென்ஸின் திறப்பைச் சுருக்கிப் பார்த்து எவ்வளவு தூரம் கூர்மையாக விழும் என்று சோதிக்கும் வசதியும் கிடையாது. மீட்டருக்குத் தனி சுவிட்ச்கூட இல்லை. வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருக்கும்வரை அது வேலை செய்துகொண்டே இருக்கும், லென்ஸ் மூடியைப் போட்டால்தான் ஓயும். வியூஃபைண்டரின் வலப்பக்கம் ஒரு முள் மேலும் கீழும் ஆடும். அதை நடுவுக்குக் கொண்டுவந்தால் எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவு, சரி. பேட்டரி தீர்ந்தாலும் மீட்டர் மட்டும்தான் போகும், ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும்.

கற்க நல்ல கேமரா என்ற பெயர் இதற்குப் பொருத்தமானதுதான். ஆனால் கற்பவருக்குத்தான் இதன் குறை அதிகம் உறைக்கும் என்று நினைக்கிறேன். என்ன வேகத்தில் இருக்கிறோம், என்ன அபர்ச்சரில் (லென்ஸின் திறப்பு அளவில்) இருக்கிறோம் என்ற இரண்டில் எதையும் வியூஃபைண்டர் காட்டாது. முள் நடுவில் நிற்கிறது, எல்லாம் சரி என்று அழுத்துகிறோம். வேகம் 1/15இல் இருந்தது என்பது கேமராவைக் கீழே இறக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும். அதற்குள் எதிரில் இருந்தவர் திரும்பியிருப்பார்.

அதே 1976இல் கேனான் ஏஇ-1 வந்தது. மைக்ரோபுராசசரை உள்ளே வைத்துக்கொண்டு வந்த முதல் எஸ்எல்ஆர். கேமராவுக்குள் இயந்திரப் பாகங்களைக் குறைத்து, மின்சுற்றுகளிடம் வேலையைக் கொடுத்து, பெருந்தொகையாகச் செய்து குவிக்க முடியும் என்று காட்டியது இதுதான். வேகத்தை நாம் வைத்தால் அபர்ச்சரை அதுவே தேர்ந்துகொள்ளும். வியூஃபைண்டரின் வலப்பக்கம் அபர்ச்சர் எண்கள் வரிசையாக இருக்க, ஒரு முள் அவற்றின் மேல் ஏறி இறங்கும். இது அருமையான ஏற்பாடு. ஆனால் தானியங்கியை விட்டு நாமே அபர்ச்சரை வைக்கலாம் என்று போனால் இந்தக் கேமரா நம்மைக் கைவிட்டுவிடுகிறது. முள் தன் பரிந்துரையையே காட்டிக்கொண்டிருக்கும். நாம் லென்ஸில் வைத்திருப்பது என்ன என்று உள்ளே தெரியாது. பரிந்துரையைப் படித்து, கேமராவை இறக்கி, வளையத்தைத் திருப்பி, மறுபடி கண்ணில் வைக்க வேண்டும். ஆட்களை எடுக்கும் எனக்கு அபர்ச்சர்தான் முதல் முடிவு. முகத்துக்குப் பின்னால் இருப்பது எவ்வளவு கரைய வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டும், கேமரா சொல்லக் கூடாது.

ஏஇ-1 வாங்குபவர் இன்னும் இரண்டு விஷயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 6 வோல்ட் பேட்டரி இல்லாவிட்டால் அது அசையாது. அடுத்தது, பல ஏஇ-1களில் ஷட்டரை அழுத்தும்போது இருமல் மாதிரி ஒரு கீச்சொலி வரும். கண்ணாடியை இயக்கும் பொறியில் எண்ணெய் உலர்ந்துபோனதன் அறிகுறி அது. சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் வாங்கும் முன் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

மினோல்டா எக்ஸ்-700 பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 1981இல் வந்தது. ஃபோகஸ் திரையின் பிரகாசத்தில் இதற்கு ஈடான கேமராக்கள் குறைவு. மங்கலான அறையில், அதிகம் திறக்காத எஃப்/3.5 லென்ஸைப் போட்டாலும் ஃபோகஸ் பிடிபடும். முழுத் தானியங்கி உண்டு, அபர்ச்சரை நாம் வைக்கும் தானியங்கியும் உண்டு. ஆனால் மேனுவலுக்குப் போனால் நாம் வைத்த வேகத்தை உள்ளே காட்டாது. ஏஇ-1இல் அபர்ச்சரில் இருக்கும் அதே ஓட்டை இங்கே வேகத்தில். மின்சுற்றில் உள்ள கெப்பாசிட்டர் செத்து ஷட்டர் பூட்டிக்கொள்வது இந்த மாடலின் நன்கறிந்த நோய்.

தொழில்முறைக் கேமராக்களில் நிக்கான் எஃப்3ஐத் தொடாமல் போக முடியாது. கார்களை வடிவமைத்த ஜியார்ஜெட்டோ ஜுஜாரோ இதற்கு உருவம் கொடுத்தார். கைப்பிடியோரம் ஓடும் அந்தச் சிவப்புக் கோடு இங்கிருந்துதான் நிக்கானின் அடையாளமானது. 1980இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உற்பத்தியில் இருந்தது. இதன் வியூஃபைண்டர் ஃபிலிமில் விழும் காட்சியை நூற்றுக்கு நூறு காட்டும். ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளும்போது வரும் வழுவழுப்பை வேறெதிலும் நான் உணர்ந்ததில்லை. கண்ணாடி அணிபவர்களுக்கு இதன் ஹை-ஐபாயின்ட் வியூஃபைண்டர் ஒரு வரம். கண்ணை ஒட்டி வைக்காமலே நான்கு மூலைகளும் தெரியும். ஆனால் எடை 700 கிராமைத் தாண்டுகிறது. ஃபிளாஷுக்கு ஒத்துவரும் உச்ச வேகம் 1/80 மட்டும். மீட்டர், சிறிய எல்சிடி சாளரத்தில் எண்களாகப் பேசுகிறது: 125, 250, 60 என்று எண் மாறிக்கொண்டே இருக்கும். அந்த எண்களை நான் படிக்க வேண்டியிருக்கிறது. படிப்பதும் பார்ப்பதும் வேறு வேலைகள். பார்க்கும் நேரத்தில் படிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

இனி என்னை ஊசலாட வைத்தவை.

ஒலிம்பஸ் ஓஎம்-1 வரும்வரை ஒரு நல்ல எஸ்எல்ஆர் என்றால் கனமாகத்தான் இருக்கும், சத்தம் போடத்தான் செய்யும் என்று ஊரே ஏற்றுக்கொண்டிருந்தது. யோஷிஹிசா மைத்தானி ஏற்றுக்கொள்ளவில்லை. அரைச்சட்டக் கேமராவான ஒலிம்பஸ் பென்னை ஏற்கெனவே வடிவமைத்திருந்த அவர், எஸ்எல்ஆரின் ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து இதற்கு ஏன் இவ்வளவு இடம் என்று கேட்டார். 1972இல் எம்-1 என்ற பெயரில் அது வெளிவந்தது. எம் வரிசை தங்களுடையது என்று லைக்காவைச் செய்யும் லைட்ஸ் நிறுவனம் ஆட்சேபித்ததால் ஓஎம்-1 ஆனது. எடை சுமார் 510 கிராம்.

சிறிதாக்கியவர்கள் வழக்கமாக வியூஃபைண்டரில்தான் கைவைப்பார்கள். மைத்தானி அதைப் பெரிதாக்கினார். 50 மில்லிமீட்டர் லென்ஸுடன் 0.92 மடங்கு பெரிதாக்கமும், காட்சியில் 97 சதவீதமும். நிக்கானின் எஃப்இயிலும் எஃப்எம்2இலும் இவை 0.86, 93. எண்களில் இது அற்பமாகத் தெரியும். பெருக்கிப் பார்த்தால் ஓஎம்-1இல் கண்ணுக்குத் தெரியும் சட்டத்தின் பரப்பு எஃப்இயைவிட ஏறத்தாழ கால் பங்கு பெரிது. கண்ணில் வைத்த உடனே அது தெரிந்துவிடும். எஃப்இயைப் பார்த்துவிட்டு ஓஎம்-1க்கு மாறினால் சுவர் தள்ளிப்போன மாதிரி இருக்கும்.

சத்தமும் அப்படித்தான். எஸ்எல்ஆருக்குள் 45 பாகைக் கோணத்தில் ஒரு கண்ணாடி நின்று வெளிச்சத்தை மேலே திருப்பிவிடுகிறது. பென்டாபிரிசம் அதை நிமிர்த்தி இடவலம் சரிசெய்து கண்ணுக்குத் தருகிறது. அழுத்தியதும் கண்ணாடி மேலே பாய வேண்டும், ஷட்டர் ஓடி முடித்ததும் கீழே விழ வேண்டும். அந்த அடிதான் சத்தம், அந்த அடிதான் 1/8, 1/15 போன்ற வேகங்களில் படத்தை நடுங்க வைப்பது. ஓஎம்-1இல் காற்றுத் தணிப்பான் அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. துணித்திரை ஷட்டரும் சேர்ந்து, வருவது மெல்லிய ஒலி. தூங்கும் குழந்தையைப் படமெடுக்க எஸ்எல்ஆர்தான் வேண்டும் என்றால் நான் ஓஎம்-1ஐத்தான் நீட்டுவேன்.

வேக வளையத்தை லென்ஸ் பொருந்தும் வாயைச் சுற்றி வைத்தது இந்தக் கேமராவின் அடுத்த துணிச்சல். வேகம், ஃபோகஸ், அபர்ச்சர் மூன்றும் லென்ஸைச் சுற்றி அடுத்தடுத்து வளையங்களாக இருப்பதால் இடது கை ஒன்றே மூன்றையும் கவனித்துக்கொள்ளும். மற்றவர்கள் வேக டயலை வைக்கும் இடத்தில் இவர்கள் ஃபிலிம் வேகத்துக்கான (ஃபிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணுக்கான) டயலை வைத்திருக்கிறார்கள். பழகும்வரை கை அங்கே போய்த் திரும்பும். பழகிவிட்டால் மற்ற கேமராக்கள்தான் விசித்திரமாகப் படும். ஒலிம்பஸின் ஸுயிகோ லென்ஸ்களும் இந்த உடம்புக்கு ஏற்றபடி கச்சிதமானவை; 28, 50, 100 மில்லிமீட்டர் லென்ஸ்களின் சாதாரண வடிவங்கள் மூன்றுக்கும் ஒரே 49 மில்லிமீட்டர் ஃபில்டர் போதும்.

இவ்வளவு இருந்தும் ஏன் இது இரண்டாவது? இரண்டு காரணங்கள். முதலாவது, அந்தப் பெரிய அழகான சாளரத்தில் மீட்டர் முள்ளுக்கு இடது மூலையில் ஒரு சின்ன இடம்தான். முள் நடுவில் இருக்கிறதா, மேலே போய்விட்டதா, கீழேயா என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. வேகமும் அபர்ச்சரும் தெரியாது. வளையத்தின் சொடுக்குகளைக் கையால் எண்ணிக்கொள்ளலாம், நான் எண்ணியும் இருக்கிறேன். ஆனால் எங்கிருந்து எண்ணத் தொடங்கினேன் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பாதரசம். ஓஎம்-1இன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அளவுசெய்யப்பட்டது. பாதரச பேட்டரியின் சிறப்பு என்னவென்றால், தீர்ந்துபோகும் நாள்வரை மின்னழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கும். சூழலுக்குக் கேடு என்று அது இன்று தடைசெய்யப்பட்டுவிட்டது; அது சரியான முடிவும்கூட. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால் மீட்டர் பொய் சொல்லும், அதுவும் பேட்டரி தேயத் தேய வேறு வேறு பொய்கள். காதுக்கருவிகளுக்கான துத்தநாக-காற்று பேட்டரி 1.4 வோல்ட் தருவதால் ஏறக்குறைய சரியாக வரும், ஆனால் ஸ்டிக்கரை உரித்த சில மாதங்களில் உலர்ந்துவிடும். சில்வர் ஆக்ஸைடு பேட்டரியோடு மின்னழுத்தத்தைக் குறைக்கும் அடாப்டரைப் போடுவது நிலையான வழி. தீர்வு இல்லாத சிக்கல் அல்ல. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் மீட்டரை நம்பலாமா என்ற கேள்வி மனதின் ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கும்.

பென்டாக்ஸ் எம்எக்ஸ் அந்தக் குறைகள் இரண்டையும் தீர்த்துவிடுகிறது. 495 கிராம், 0.97 மடங்கு பெரிதாக்கம், முழுக்க இயந்திர ஷட்டர், இன்றும் எங்கும் கிடைக்கும் பொத்தான் பேட்டரி. வேகமும் அபர்ச்சரும் உள்ளேயே தெரியும். தாளில் பார்த்தால் இதுதான் வெற்றியாளர். என் கைக்கு அது கொஞ்சம் அதிகமாகவே சிறியது. அவ்வளவு பெரிதாக்கம் இருக்கும் வியூஃபைண்டரில் கண்ணாடி அணிந்து பார்த்தால் மூலைகள் மறைந்துபோகின்றன, கண்ணை உருட்டித் தேட வேண்டியிருக்கிறது. கண்ணாடி அணியாதவர்கள், சிறிய கை உள்ளவர்கள் இதை நிச்சயம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதிகம் பேசப்படாத இந்தக் கேமரா இன்னும் பேசப்பட வேண்டியது.

இப்போது நிக்கானின் இரட்டையர்களுக்கு வருவோம். எஃப்எம் 1977, எஃப்இ 1978. வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். எஃப்எம் முழு இயந்திரம், எஃப்இ மின்னணு ஷட்டர். 1982இல் எஃப்எம் வரிசை எஃப்எம்2 ஆக வளர்ந்தது. தேன்கூட்டு வடிவில் செதுக்கிய மெல்லிய டைட்டானியத் தகடுகளை ஷட்டரில் வைத்து, அதுவரை எந்த எஸ்எல்ஆரும் தொடாத 1/4000 நொடியைத் தொட்டார்கள். பேட்டரி இல்லாமலே அந்த 1/4000 ஓடும். இது பொறியியல் சாதனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நடைமுறையில் அதன் பயன் என்ன என்று கணக்குப் போட்டால் தெரியும். உச்சி வெயிலில் 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு எஃப்/16இல் 1/125 என்று வையுங்கள். எஃப்இயின் உச்ச வேகம் 1/1000. அங்கே அபர்ச்சர் எஃப்/5.6 வரைதான் திறக்க முடியும். எஃப்எம்2இல் எஃப்/2.8 வரை போகலாம். வெயிலில் பின்னணியைக் கரைத்து முகங்களை எடுப்பவர்களுக்கு இந்த இரண்டு ஸ்டாப் பெரிய விஷயம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). நான் அந்த நேரங்களில் நிழலுக்குப் போய்விடுபவன். முகத்துக்கு நிழல்தான் நல்லது.

எஃப்எம்2இன் மீட்டர் மூன்று சிவப்பு விளக்குகள்: பிளஸ், வட்டம், மைனஸ். வட்டம் மட்டும் எரிந்தால் சரி. வட்டமும் பிளஸும் சேர்ந்து எரிந்தால் சற்று அதிகம். பிளஸ் மட்டும் எரிந்தால் ஒரு ஸ்டாப்போ அதற்கு மேலோ அதிகம். எவ்வளவு மேல்? அது சொல்லாது. இரண்டு ஸ்டாப் என்றாலும் ஐந்து ஸ்டாப் என்றாலும் அதே பிளஸ்தான்.

எஃப்இயில் இடப்பக்கம் வேகங்கள் வரிசையாக, மேலே 1000இலிருந்து கீழே 8 நொடிவரை. அதன்மேல் இரண்டு முட்கள். நாம் டயலில் வைத்த வேகத்தைப் பச்சை முள் காட்டும். வெளிச்சம் கேட்கும் வேகத்தைக் கறுப்பு முள் காட்டும். மேலே ஒரு சின்னச் சாளரத்தில் லென்ஸின் அபர்ச்சர் வளையத்தில் பொறித்த எண்ணே ஒளிவழியாகத் தெரியும். அவ்வளவுதான். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். கேமராவை அவர் முகத்துக்கு நேராகப் பிடிக்கிறேன். கறுப்பு முள் 125இல் நிற்கிறது. மெல்ல ஜன்னல் பக்கம் நகர்த்துகிறேன். முள் மேலே ஏறி 1000ஐத் தொடுகிறது. அவருக்குப் பின்னாலுள்ள இருண்ட சுவருக்குக் கொண்டுபோகிறேன்; முள் 30க்கு இறங்குகிறது. முகத்துக்கும் ஜன்னலுக்கும் மூன்று ஸ்டாப், முகத்துக்கும் சுவருக்கும் இரண்டு ஸ்டாப், மொத்தக் காட்சியின் அகலம் ஐந்து ஸ்டாப் என்பது எந்த எண்ணையும் படிக்காமல், முள் நடந்த தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. இந்த ஐந்து ஸ்டாப்பைக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தாராளமாகத் தாங்கும். மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாக எண்ணியே அளக்கும்; அவருடைய தோல் அந்தச் சாம்பலைவிட ஒரு ஸ்டாப் வெளிர் என்று எனக்குப் பட்டால் பச்சை முள்ளை 60இல் வைத்து எடுத்துவிடுவேன். கறுப்பு முள் முகத்தில் 125ஐக் காட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு முட்களுக்கும் இடையிலுள்ள அந்த ஒரு படி இடைவெளிதான் நான் வேண்டுமென்றே எடுத்த முடிவு. அதைக் கண்ணால் பார்த்தபடியே எடுக்கிறேன்.

எஃப்எம்2இல் இதையே செய்ய முடியாதா? முடியும். ஒவ்வொரு இடத்துக்கும் டயலைத் திருப்பி வட்டம் எரியும்வரை தேட வேண்டும். மூன்று இடம் அளந்து முடிப்பதற்குள் ஜன்னலோரத்தில் இருப்பவர் எழுந்து போய்விடலாம். எஃப்3இல் எண்கள் மாறும், கழித்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்-700இன் விளக்குகள் வேக வரிசையின் ஓரமாகவே எரிவதால் இதற்கு நெருங்கி வருகின்றன, ஆனால் நாம் வைத்த வேகத்துக்கான பச்சை முள் அங்கே கிடையாது. ஏஇ-1இலும் முள் உண்டு, அதுவும் நாம் வைத்ததைச் சொல்லாது. வெளிச்சம் என்ன கேட்கிறது, நான் என்ன கொடுக்கிறேன் என்ற இரண்டையும் ஒரே அளவுகோலில் அருகருகே நிறுத்துவது, நான் இங்கே ஒப்பிட்டவற்றுள் எஃப்இதான்.

அவசரமான நேரங்களில் டயலை ஏ-க்குத் திருப்பிவிடலாம். அபர்ச்சர் என்னுடையது, வேகம் அதனுடையது. கறுப்பு முள் அது தேர்ந்த வேகத்தைக் காட்டும். பின்னொளியில் நிற்பவரை எடுக்க, நெருங்கிப் போய் முகத்தை அளந்து, செல்ஃப் டைமர் நெம்பை லென்ஸ் பக்கம் அழுத்திப் பிடித்தால் அந்த அளவு பூட்டிக்கொள்ளும். பிடித்தபடியே பின்னுக்கு வந்து சட்டத்தை அமைத்து அழுத்த வேண்டியதுதான். வலது கையின் நடுவிரல் அந்த நெம்பைத் தானாகவே கண்டுகொள்ளும்.

லென்ஸ் விஷயத்தில் எஃப்இக்கு இன்னொரு கொடுப்பினை. லென்ஸின் அபர்ச்சரைக் கேமராவின் மீட்டருக்குத் தெரிவிக்க நிக்கான் 1977இல் ஏஐ என்ற முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய லென்ஸ்களைப் பிந்தைய பாடிகள் பலவற்றில் மாட்டவே முடியாது, எஃப்எம்2 உட்பட. எஃப்இயில் லென்ஸ் வாயோரம் உள்ள சிறு நாக்கை மடக்கிவிட்டால் 1959இல் நிக்கான் எஃப் வந்த காலத்து லென்ஸ்களில் பெரும்பாலானவையும் பொருந்தும். அபர்ச்சரை மூடி அளக்க வேண்டியிருக்கும், ஆனால் பொருந்தும். பழைய லென்ஸ்களை விரும்புபவர்களுக்கு இது பெரிய வாசல்.

எஃப்இயிடம் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. இரவில் முட்கள் தெரியாது. எஃப்எம்2இன் சிவப்பு விளக்குகள் கும்மிருட்டிலும் பேசும். எஃப்இயின் முட்களுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால்தான் அவை கண்ணுக்கே புலப்படும். இரவுத் தெருக்களை எடுப்பதுதான் உங்கள் வேலை என்றால் எஃப்எம்2 வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். மீட்டரை உயிர்ப்பிக்க ஃபிலிம் நெம்புகோலைச் சற்று வெளியே இழுத்து வைக்க வேண்டும். இடக்கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது நெற்றியிலோ கண்ணோரத்திலோ குத்தும். ஷட்டர் ஒலி உலோக ஒலி, ஓஎம்-1இன் மென்மை இதற்கு இல்லை. பேட்டரி இல்லாவிட்டால் மிஞ்சுவது எம்90 என்ற ஒரே ஒரு இயந்திர வேகமும் பல்பும் (அழுத்திப் பிடிக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) தான். பேட்டரி பொத்தானளவு, பையில் ஒரு ஜோடி கூடுதலாகக் கிடந்தால் இந்தப் பயம் தீர்ந்தது. 1/90இல் பெரும்பாலான பகல் படங்களை எடுத்துவிடவும் முடியும்.

1983இன் எஃப்இ2, 1/4000ஐயும் ஃபிளாஷுக்கு 1/250ஐயும் அதே இரண்டு முட்களோடு சேர்த்துத் தந்தது. 2001இன் எஃப்எம்3ஏ இன்னும் ஒரு படி மேலே போய், எல்லா வேகங்களும் பேட்டரியில்லாமல் ஓடும் இயந்திர ஷட்டரையும் தானியங்கியையும் ஒரே உடம்பில் வைத்தது. கையில் கிடைத்தால் மறுக்கவே வேண்டாம். குறைவாகச் செய்யப்பட்டதால் தேடுபவர்கள் அதிகம், விலையும் அதற்கேற்ப. எஃப்இ2 பழைய லென்ஸ்களுக்கு வாசலை அடைத்துவிட்டது. எனக்குத் தேவைப்படாத வேகத்துக்காக நான் விரும்பும் லென்ஸ்களை விட மனம் வரவில்லை.

எஃப்இ வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெரும்பாலானவை எந்தப் பழைய எஸ்எல்ஆருக்கும் பொருந்தும். பின்கதவைத் திறந்து ஓரங்களில் விரலை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் புகாமல் அடைக்கும் ஃபோம், கறுப்புப் பிசினாக விரலில் ஒட்டினால் மாற்ற வேண்டும். மலிவான வேலை, அதற்காக நல்ல பாடியை விட்டுவிட வேண்டாம். ஓஎம்-1 என்றால் பிரிசத்தைச் சுற்றியுள்ள ஃபோமும் கரைந்து பிரிசத்தின் வெள்ளிப் பூச்சை அரித்திருக்கலாம். வியூஃபைண்டரில் கறுப்புக் கறைகளாகத் தெரியும், அது எளிதில் தீராது. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, உள்ளே நூல்நூலாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து வைத்து, 1 நொடி, 1/2, 1/4 என்று ஷட்டரை ஓடவிடுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதில் பாதியாகக் குறைவது காதுக்கே தெரியும். 1/1000இல் வெள்ளைச் சுவரைப் பின்புறமிருந்து பார்த்தால் சட்டம் முழுதும் ஒரே அளவு வெளுப்பாகப் பளிச்சிட வேண்டும். ஒரு பக்கம் இருண்டால் ஷட்டர் தளர்ந்திருக்கிறது.

எஃப்இக்கென்றே உள்ள சோதனை முள்ளில்தான். லென்ஸைப் போட்டு, ஒரே வெளிச்சமுள்ள சுவரைப் பார்த்தபடி அபர்ச்சர் வளையத்தை மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்புங்கள். கறுப்பு முள் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். எங்காவது துள்ளினாலோ விழுந்து எழுந்தாலோ உள்ளே தொடுபரப்பு தேய்ந்தோ அழுக்கேறியோ இருக்கிறது. நம்பகமான மெக்கானிக் ஒருவர் கைவசம் இல்லாவிட்டால் வேறொன்றைத் தேடுங்கள். பின்னால் உள்ள பேட்டரி சோதனை நெம்பை அழுத்தினால் சின்னச் சிவப்பு விளக்கு நின்று எரிய வேண்டும். கடைசியாகப் பேட்டரியைக் கழற்றிவிட்டு எம்90இல் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், ஷட்டர் தயங்காமல் ஓட வேண்டும். இவ்வளவும் தேறினால் 50 மில்லிமீட்டர் எஃப்/2 ஏஐ லென்ஸ் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். 28, 105 எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.